எட்டு டன் பட்டை

எங்கள் வீட்டில் பொருள்கள் இரண்டு வகை. புழக்கத்தில் இருப்பவை என் மனைவி வாங்கியவை. பரணில் இருப்பவை நான் வாங்கியவை. கேரட்டைப் பூப்பூவாக நறுக்கும் கருவி, குனியாமலே கீழே கிடப்பதை எடுக்கும் குச்சி, பல்லி விரட்டும் மின்சாரப் பெட்டி (அதற்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது) என்று அங்கே ஒரு கண்காட்சியே உண்டு. அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு டோயிங் பெல்ட். ஆரஞ்சு நிறம், 9 மீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் அகலம், இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த காது. மணலிலோ சேற்றிலோ சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கிற பட்டை.

பார்சலைப் பிரித்த மனைவி முழம் போட்டுப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"நமக்குத்தான். வண்டி எங்கயாவது மாட்டிக்கிட்டா இழுக்கணும்ல."

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு வண்டி மாட்டாதுங்க. பள்ளமே பாத்து ஒதுங்கிப் போயிரும்."

மறுநாள் மொட்டை மாடிக்குப் போனால், என் பட்டை கொடியாகியிருந்தது. அதில் இரண்டு போர்வையும் என் வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. இந்த இழை வெயிலில் கிடந்தால் நாளடைவில் வலு இழந்துவிடும் என்று எடுத்துச் சொன்னேன். "வெயில்ல காய முடியாத கொடி எதுக்கு?" என்று உருவி என் கையில் கொடுத்துவிட்டாள். அதைச் சுருட்டிக் காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தேன். பரணுக்குப் போகாமல் தப்பித்த என் முதல் பொருள் அதுதான்.

ஒரு பொருளை வாங்கிய பிறகு அதைப் பற்றிப் படிப்பது என் வழக்கம். வாங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. எப்படியோ, படித்தேன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் இந்தப் பட்டைகளில் இரண்டு சாதி உண்டு. நைலானில் நெய்தது இழுத்தால் 20 முதல் 30 சதவீதம் வரை நீளும். நீண்டு, சுருங்கும்போது சிக்கிய வண்டியைப் பிடுங்கி எடுக்கும். பாலியெஸ்டரில் நெய்தது அவ்வளவாக நீளாது. மெதுவாகத் தொடங்கி ஒரே சீராக இழுப்பதற்கும், பழுதான வண்டியை ரோட்டில் கூட்டிப் போவதற்கும் அதுதான். நீளாத பட்டையைக் கட்டிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தால் பட்டை அறும், அல்லது வண்டியில் கட்டிய இடம் பிய்ந்து வரும். நான் வாங்கியது நீளாத சாதி. தேடிப் பிடித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அன்றைக்கு அதற்குத்தான் தள்ளுபடி இருந்தது.

பட்டையில் ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கும். என்னுடையதில் 8 டன் என்று போட்டிருந்தது. எட்டு டன் வண்டியை இழுக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை; எட்டு டன் விசையில் அறுந்துவிடும் என்று அர்த்தம். கட்டுகிற இரண்டு வண்டிகளில் எடை குறைந்த வண்டி எதுவோ, அதைப் போல இரண்டு மூன்று மடங்காவது பட்டை தாங்க வேண்டும் என்பது கணக்கு. இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஏக்கம் வந்தது. பட்டை எவ்வளவு தாங்கும் என்று எழுதித் தைத்துவிடுகிறார்கள். வீட்டில் ஒருவன் சொல்கிற சொல் எவ்வளவு தாங்கும் என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. அதை நான் பங்குனி உத்திரத்தன்று கண்டுகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா கோயில். எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்குக் குலசாமியைத் தேடிப் போய்ப் பொங்கலிட வேண்டும். என் மனைவி வீட்டாரின் சாஸ்தா இருப்பது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக் காட்டில். தேரி என்பது காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல் மேடு. இரும்புச் சத்து துருவேறி மணல் குங்குமமாகச் சிவந்திருக்கும். பனை, முந்திரி, உடைமரம், நடுவே ஒற்றை வண்டித்தடம். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும்.

நாங்கள் எங்கள் சின்னக் காரில் போனோம். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன்னுடைய பெரிய டீசல் வண்டியில் வந்தார். ஒன்றரை டன் எடை, பின்னால் பளபளவென்று குரோம் கம்பி, பார்க்கிறவனை மிரட்டுகிற உயரம். பாளையங்கோட்டையைத் தாண்டியதுமே ஹாரனை அடித்து எங்களை முந்திப் போனார். கல்யாணமான நாள் முதல் இது நடக்கிறது. நான் முன்னால் கிளம்பினாலும், அவர் வழியில் இறங்கி டீ குடித்தாலும், கடைசியில் முந்துகிறவர் அவர்தான். "அண்ணன் எப்பமோ போயிருப்பான்" என்று என் மனைவி சொல்லாத பயணம் கிடையாது.

தார் ரோடு முடிகிற இடத்தில் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். அங்கிருந்து கோயிலுக்கு நடந்துவிடலாம். மச்சானோ, வண்டியின் விளம்பரத்தில் பாலைவனம் காட்டியதை நம்பி நேரே மணலில் விட்டிருந்தார். விளம்பரத்தில் வந்தது நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி. அவர் வாங்கியது முன் சக்கரம் மட்டும் இழுக்கிற மாதிரி. நாங்கள் பானையும் அரிசியுமாக நடந்து போய்ச் சேர்ந்தபோது, முந்திரி மரத்தடியில் வண்டி வயிறு வரை உட்கார்ந்திருந்தது. மச்சான் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். ஸ்பீடாமீட்டரில் முள் நாற்பதைத் தாண்டியிருந்தது. வண்டி இருந்த இடத்தில் இருந்தது.

"மச்சான், மிதிக்காதீங்க. மிதிச்சா இன்னும் குழி விழும்."

"வேகம் இருந்தாத்தான் மாப்ள ஏறும்."

மணலில் சக்கரம் சுற்றினால் அது வண்டியை நகர்த்துவதில்லை, மண்ணைத் தோண்டுகிறது. இரண்டு முன் சக்கரத்தில் எதற்குப் பிடிமானம் குறைவோ அதுதான் சுற்றும். மற்றது சும்மா நிற்கும். சாதாரண கார்களின் டிஃபரன்ஷியல் அப்படி. வண்டியின் அடிவயிறு மணலில் படிந்துவிட்டால் சக்கரத்தின் மேல் பாரமே இருக்காது. பாரம் இல்லாத சக்கரம் எவ்வளவு சுற்றி என்ன? இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. சாஸ்தாவுக்குச் சாம்பிராணி போட்டுவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் வாழ்நாளில் முதல்முறையாக நான் வாங்கிய பொருளுக்குத் தேவை வந்துவிட்டது. திரும்பி நடந்துபோய்ப் பட்டையை எடுத்து வந்தேன். வீரனைப் போலத் தோளில் போட்டு வந்ததாக நினைத்திருந்தேன், "கொடியத் தூக்கிட்டு எங்க போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

பட்டையை விரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதில் பெருமை கிடையாது, வியர்வை உண்டு. மம்பட்டி எடுத்து நான்கு சக்கரத்தைச் சுற்றியும் அடிவயிற்றிலும் மணலை அள்ள வேண்டும். வெளியே வருகிற திசையில் சரிவாக வழி வெட்ட வேண்டும். டயரில் காற்றை 18 பவுண்டு அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மணலில் மிதக்கும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடைத்துக்கொள்ளலாம். அள்ளாமல் விட்ட மணல் முழுவதும் பட்டையின் மேல் பாரமாகத்தான் வந்து நிற்கும். மச்சான் காற்றை இறக்கச் சம்மதிக்கவில்லை. மணலை அள்ள ஆள் தேடினார். நான்தான் இருந்தேன்.

அடுத்தது, எங்கே கட்டுவது என்ற வழக்கு. மச்சான் பின்னால் இருந்த குரோம் கம்பியைக் காட்டினார்.

"என்ன கனம் பாருங்க மாப்ள. பன்னிரண்டாயிரம் ரூபா."

அது விலையின் கனம். இந்த மாதிரிக் கம்பிகள் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. பம்பரோடு சின்ன போல்ட்டில் நிற்கிற கம்பி அது. அதில் கட்டி இழுத்தால் வண்டி தேரியிலேயே இருக்கும், கம்பி மட்டும் இழுக்கிற வண்டியோடு ஊர் போய்ச் சேரும். சில கார்களுக்கு அடியில் ஓட்டை போட்ட தகடுகள் தெரியும். அவை லாரியில் ஏற்றி வரும்போது வண்டி அசையாமல் கட்டிவைக்க வைத்தவை. இழுப்பதற்கென்று கம்பெனிக்காரன் கொடுத்தது வேறு. டிக்கி விரிப்பைத் தூக்கி, ஜாக்கிக்குப் பக்கத்தில் துழாவினேன். மரையும் வளையமுமாக ஒரு கனத்த இரும்பு கிடைத்தது.

"இது என்னது?" என்றார் மச்சான்.

"உங்க வண்டிதான் மச்சான்."

பின் பம்பரில் ஓர் ஓரமாக, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர மூடி இருந்தது. அதன் விளிம்பில் துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பியதும் டப்பென்று திறந்தது. உள்ளே மரை போட்ட துளை. வளையத்தை அதில் வைத்துக் கையால் முழுவதும் திருகி, வீல் ஸ்பேனரை வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினேன். அரைகுறையாகத் திருகினால் இழுக்கும்போது வளைந்துவிடும். இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிற மச்சான், சொந்த வண்டியின் பம்பரில் ஒரு கதவு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். எனக்குச் சற்றே மார்பு விம்மியது. அந்த வளையமும் பழுதான வண்டியை இழுப்பதற்காக வைத்ததுதான். புதைந்த வண்டியைப் பிடுங்குவதற்கு அல்ல. அதனால்தான் அவ்வளவு மணலையும் முதலில் அள்ள வேண்டியிருந்தது.

இழுப்பதற்கு என் காரைக் கொண்டுவரலாமே என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு ஒரு டன் கூடக் கிடையாது. மணலில் கொண்டுவந்தால் இரண்டும் சிக்கும். யாரோ போனில் கூப்பிட்டு டிராக்டர் வந்தது. இருபது வயதுப் பையன், கழுத்தில் துண்டு, பெட்டியில் இரும்புச் சங்கிலி. டிராக்டர் மேட்டில் நின்றதால், பின்பக்கம் மேலே இருந்த இணைப்பில் மாட்டச் சொன்னார் மச்சான். பையன் தலையை ஆட்டினான்.

"அங்கன கட்டுனா மூக்கத் தூக்கிரும் அண்ணாச்சி. நான் பொறத்தால விழுந்துருவேன்."

சரியான பேச்சு. டிராக்டரின் பின் அச்சுக்கு மேலே கட்டிப் பாரம் இழுத்தால், முன் சக்கரம் எழும்பி, கண் இமைக்கும் நேரத்தில் ஓட்டுகிறவன் மேலேயே கவிழும். எப்போதும் கீழே இருக்கிற டிராபாரில்தான் மாட்ட வேண்டும். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தான். சங்கிலி வேண்டாம், பட்டை இருக்கிறது என்றதும் அதைத் தடவிப் பார்த்து, "வேட்டிக் கரை கணக்கா இருக்கு" என்றான். ஆனால் ஒத்துக்கொண்டான்.

பட்டையின் காதை, ஊசி திருகிப் பூட்டுகிற ஷேக்கிள் என்ற இரும்புக் கொளுவி போட்டு வளையத்தில் மாட்டினேன். 4.75 டன் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். ஊசியை முழுவதும் திருகிவிட்டுக் கால் சுற்று பின்னுக்குத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் இழுத்த இழுவையில் இறுகி, பிறகு கழற்றச் சம்மட்டி தேட வேண்டியிருக்கும். முடிச்சுப் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பட்டையின் நடுவில் ஒரு கனத்த துணியைப் போட வேண்டும், அறுந்தாலும் மேலே பறக்காமல் அமுக்கும் என்று மாமியாரின் ஜமுக்காளத்தைக் கேட்டேன். கிடைத்தது ஈரக் கோணிச்சாக்கு. அதுவும் நல்லதுதான்.

இதற்குள் உத்திரத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் எங்களைச் சுற்றிவிட்டது. சிக்கிய வண்டியைப் பார்த்தால் நம் ஊரில் யாரும் சும்மா போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை இருக்கும். எல்லா யோசனையும் கடைசியில் ஒன்றுதான்.

"கொஞ்சம் பின்னால போயி ஒரு வெட்டு வெட்டி இழுல. வந்துரும்."

வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். தொய்வை முதலில் மெதுவாக எடுக்க வேண்டும், பட்டை விறைத்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்றேன். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை வடம் பிடித்து மட்டுமா நகர்த்துகிறார்கள்? பின் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்ப ஆள் இல்லையா, சறுக்குக்கட்டை போட ஆள் இல்லையா என்று ஊருக்குப் புரிகிற உதாரணமும் சொன்னேன்.

"அதுல சாமி உக்காந்திருக்காரு. இதுல உங்க மச்சான்லா இருக்காரு" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்ட பெரியவர்.

இனிதான் விஷயத்தின் கடினமான பகுதி. பட்டை, ஷேக்கிள், வளையம் எல்லாவற்றையும் சரியாக மாட்டிவிடலாம். மனிதர்களை விலக்க வேண்டும். பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம், அதாவது பதின்மூன்றரை மீட்டர், எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும். அதுவும் இழுக்கிற நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. வண்டிக்குள் ஓட்டுகிறவர் தவிர யாரும் இருக்கக் கூடாது. விறைத்த பட்டையைத் தாண்டவே கூடாது. நான் பார்த்தபோது இரண்டு பையன்கள் அதன் மேல் காலைப் போட்டு நின்றார்கள். ஒருவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "டைட் பத்தாது" என்றார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்றேன். எனக்கு முன்னால் நின்றவர், நான் பார்ப்பதற்கு மறைக்கிறோமோ என்று லேசாக ஒதுங்கி எனக்கு இடம் கொடுத்தார்.

பயமுறுத்தினால் போவார்கள் என்று நினைத்தேன். "1997 அக்டோபர்ல தைவான்ல, தைபே நகரத்துல, ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல சேர்ந்து கயிறு இழுக்கும் போட்டி நடத்துனாங்க. நைலான் கயிறு. பாரம் தாங்காம அறுந்து சுண்டுனதுல ரெண்டு பேருக்குக் கையே துண்டாப் போச்சு. டாக்டர்கள் திரும்ப ஒட்ட வச்சாங்க" என்று உரக்கச் சொன்னேன்.

கூட்டம் அமைதியாகக் கேட்டது. ஒருவர் இன்னும் பக்கத்தில் வந்தார்.

"யாரு ஜெயிச்சா?"

ஆண்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று மனைவியைப் பார்த்தேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். என் மாமியார் அதுவரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நாலு பனை தள்ளி, மூன்று கல் அடுப்பில் ஓலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரே குரல்.

"பானை பொங்கிட்டு! குலவை போடுங்க!"

குலவைச் சத்தம் கிளம்பியதும் அத்தனை கூட்டமும் அடுப்படிக்கு ஓடியது. எந்தத் திசையில் பொங்கி வழிகிறது என்று பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? கட்டை விரலால் அழுத்தியவர்தான் முதல் ஆள். நான் அளந்து வைத்திருந்த பதின்மூன்றரை மீட்டர் போய், ஐம்பது மீட்டருக்கு ஒரு ஈ காக்காய் இல்லை. பானை உண்மையில் பொங்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. சாஸ்தா பொறுத்துக்கொள்வார் என்றார் மாமியார்.

பையனுக்குக் கையைக் காட்டினேன். மச்சான் சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். டிராக்டர் லோ கியரில் நகர்ந்தது. மணலில் வளைந்து கிடந்த பட்டை மெல்ல நேராகி, கோணிச்சாக்கோடு தரையை விட்டு எழும்பி விறைத்தது. தையலில் இருந்து பொடி மணல் உதிர்ந்தது. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒன்றரை டன் வண்டியும் வந்த தடத்திலேயே, நான் வெட்டி வைத்த சரிவில் பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்துவிட்டது. வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. பார்ப்பதற்கு ஆளும் இல்லை. பொங்கல் சாப்பிட்டுத் திரும்பிய கூட்டம் வண்டியைச் சுற்றி வந்து, "நல்ல டிராக்டர்" என்றது.

வண்டி வெளியே வந்ததே தவிர, கிளட்ச் போய்விட்டது. அருகில் இருக்கிற ஒர்க்‌ஷாப் வரை ரோட்டில் இழுத்துப் போக வேண்டும். இதற்கும் விதி உண்டு. மத்திய அரசு 1989-இல் போட்ட சாலை விதிமுறையில், இழுக்கிற வண்டிக்கும் இழுபடுகிற வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, 24 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, பின்னால் ஓட்டுகிறவர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டி இழுபடுகிறது என்று அட்டை மாட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2017-இல் அதன் இடத்தில் வேறு விதிமுறை வந்துவிட்டாலும், நான் படித்து வைத்திருந்த கணக்கு அதுதான். 9 மீட்டர் பட்டையை இரண்டாக மடித்தால் நாலரை மீட்டர். முன் பம்பரிலும் ஒரு சதுர மூடி இருந்தது, மச்சானே திறந்தார். அரிசி வந்த வெள்ளை அட்டையில் அடுப்புக்கரியால் என் மகன் கொட்டை எழுத்தில் எழுதி, குரோம் கம்பியில் கட்டினான். பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

இன்ஜினை அணைத்திருப்பதால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும், பட்டை தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். முதன்முறையாக, "சரி மாப்ள" என்றார்.

டிராக்டர் முன்னால், மச்சான் நடுவில், நான் நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு பின்னால். 24 கிலோமீட்டர் என்பது அரசாங்கம் எனக்காகவே யோசித்துப் போட்ட வேகம். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, முந்திப் போங்களேன். அம்மாவுக்கு வெயில் அடிக்கு."

"வேகம் போகக் கூடாதும்மா. சட்டம்."

"அது இழுக்கிற வண்டிக்கு. நம்மள யாரும் இழுக்கலையே."

யாருடைய சொல்லுக்கு எடை அதிகம் என்பது தெரிந்ததுதானே. எதிரே வண்டி இல்லை என்று பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, முந்தினேன். மச்சானுக்கு நேராக வந்தபோது ஹாரனை ஒருமுறை அடித்தேன். தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாகவே அடித்தேன்.